முதல் மழைநாள் பந்தயம்

கோதுமை அறுக்கிறவர்கள் மழை வேண்டும் என்று நினைப்பதே பாவம். வெர்னா கூசெராவோ பதினேழு கோடையாக அறுவடைக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகிறவள். அப்படிப்பட்டவள் அந்த ஜூன் மாதம் தினமும் காலையில் எழுந்ததும், யாரும் பார்க்காதபடி வண்டிவீட்டின் பின்பக்கம் போய் நின்று மேற்கு வானத்தைப் பார்த்தாள். "இன்னிக்காவது கொஞ்சம் பெய்யேன்" என்று கெஞ்சிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போலத் திரும்பி வந்து காபி போட்டாள்.

நெப்ராஸ்காவில் ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊரில் பிறந்தவள் வெர்னா. அவள் அப்பா டிராக்டர் பேட்டரி விற்றவர். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்று அவளுக்குத் தெரியும். இருபத்து மூன்று வயதில் லைலைக் கட்டிக்கொண்டாள். லைலுக்குச் சொந்தமாக இரண்டு அறுவடை இயந்திரம், இரண்டு லாரி, கூட்டம் தங்கிக்கொள்ள லாரிக்குப் பின்னால் இழுத்துப் போகிற ஒரு பழைய வண்டிவீடு. மே மாதம் டெக்சாஸில் ஆரம்பிப்பார்கள். கோதுமை பழுக்கப் பழுக்க அதன் பின்னாலேயே வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசியில் மொன்டானாவில் முடிப்பார்கள். வெர்னா காலையில் எல்லோருக்கும் சமைப்பாள். பகலில் தானியம் ஏற்றிய லாரியைக் கிடங்குக்கு ஓட்டுவாள். நடுவில் எந்த வண்டியிலாவது விளக்கு எரியவில்லை என்றால் இடுக்கியோடு அடியில் படுத்துக்கொள்வாள். முதல் கோடையில் லாரியின் குலுக்கல் தாங்காமல் சாலையோரம் வாந்தி எடுத்தவள்தான். இப்போது அதே லாரியில் ஒரு கையில் சான்ட்விச்சோடு பின்பக்கமாக வண்டி எடுப்பாள்.

மகள் ஆட்ராவுக்குப் பதினான்கு வயது. தொட்டிலில் படுத்திருந்த காலத்திலிருந்தே ஒவ்வொரு கோடையும் கூட்டத்தோடு வந்தவள். ஜனவரியில் முழங்கால் வரை பனி கிடந்த ஒரு நாள், அவள் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"இந்த வருஷம் நான் வரலைம்மா. கொரீன் சித்தி வீட்டுல இருக்கேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அறுவடை முடியிற வரைக்கும்."

"நாலு மாசமும் அங்கயா? அப்படி என்னடி அங்க இருக்கு?"

"நெட் இருக்கு. உங்க டப்பா வண்டிக்குள்ள என்ன இருக்கு? ஒரே ஒரு டிவி. அதுல அப்பா பார்க்கிற சண்டைப் படம். போன வருஷம் நாலு நாள் மழை பெஞ்சப்ப நான் என்ன பண்ணேன், ஞாபகம் இருக்கா?"

வெர்னாவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஐந்து பேர், ஒரு டிவி. ஓட்டெடுப்பு நடத்தினால் எப்போதும் சண்டைப் படம்தான் ஜெயிக்கும். மூன்றாம் நாள் ஆட்ரா மேல்படுக்கையில் படுத்துக்கொண்டு, ஷாம்பு பாட்டிலில் அச்சடித்திருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வெர்னாவுக்கு ஒன்று தெரிந்திருந்தது. பதினான்கு வயதில் ஒரு கோடை வராமல் இருந்துவிட்டால், பதினைந்தில் கூப்பிடவே தோன்றாது. பிறகு வேலை, காலேஜ் என்று அவள் பாட்டுக்குப் போய்விடுவாள். மகள் தன் பக்கத்தில் லாரியில் உட்கார்ந்து வரும் கோடை இது ஒன்றுதான் மிச்சம் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றாள்.

ஆட்ரா நிமிர்ந்து பார்த்தாள். பந்தயம் என்றால் அந்தக் குடும்பத்தில் யாரும் காதை மூடிக்கொள்ள மாட்டார்கள்.

"அறுவடையில முதல் மழை வர்ற வரைக்கும் நீ எங்ககூட வா. அன்னிக்கு இருட்டுறதுக்குள்ள. வண்டியில இருக்கிற அத்தனை பேரும், அவங்கவங்க கேட்ட படத்த, அவங்கவங்க போன்லயோ டேப்லட்லயோ, ஒரே நேரத்துல பார்க்கணும். நெட் இல்லாம."

"நெட் இல்லாமயா? உன்னால முடியாது."

"முடிஞ்சா நீ மொன்டானா வரைக்கும் வரணும். முடியலைன்னா மறுநாளே உன்னைப் பஸ் ஏத்தி விட்டுடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆட்ரா கையைக் கழுவிவிட்டு வந்து கை குலுக்கினாள்.

மறுநாளே வெர்னா வேலையில் இறங்கிவிட்டாள். ஊரில் வீடியோ கடை மூடியபோது அள்ளிக்கொண்டு வந்த பழைய டிஸ்க்குகள் மாடியில் இரண்டு பெட்டி நிறையக் கிடந்தன. எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பதினொன்று. ஒவ்வொன்றாகப் பழைய லேப்டாப்பில் போட்டு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினாள். பெயரெல்லாம் தட்டச்சு செய்ய யாருக்குப் பொறுமை? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போட்டாள். மாவு பிசையும்போது ஒரு படம் ஏறும். துணி மடிக்கும்போது இன்னொன்று.

உள்ளங்கையளவு கணினி ஒன்று தபாலில் வந்தது. அதற்கு மூளை மாதிரி, விரல் நகத்தளவு மெமரி கார்டு ஒன்று. அதோடு ஒரு வைஃபை பெட்டி. கணினி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படத்தை எடுத்துக் கொடுக்கும், வைஃபை அதை எல்லோருடைய போனுக்கும் கொண்டுபோகும். இவ்வளவுதான் விஷயம் என்று புரிந்ததும் வெர்னாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வண்டியின் பேட்டரியிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்தாள், ஃபியூஸ் போட்டாள். குலுங்காமல் இருக்க ஹார்ட் டிஸ்க்கை டிராக்டர் சீட்டின் பழைய பஞ்சில் பொதிந்து, சமையல் அலமாரியின் மேல்தட்டில் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டு இணையத்தில் ஒருமுறை இணைத்ததும் அந்தக் கணினி தானே ஒவ்வொரு படத்துக்கும் பெயர், போஸ்டர் எல்லாம் தேடி எடுத்து அடுக்கிவிட்டது. திரை பளபளவென்று சினிமாக் கடை மாதிரி ஆனது.

"லைல்! இங்க வா! வந்து பாரேன்!"

லைல் வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். "நல்லாத்தான் இருக்கு. நெட்டைப் பிடுங்கினா ஓடுமா?" என்று கேட்டு, போகிற போக்கில் கேபிளைப் பிடுங்கினான்.

படம் நின்றது. "உள்ளே வர உங்கள் கணக்கை இணையத்தில் சரிபார்க்க வேண்டும்" என்று திரையில் வந்தது. ஆட்ரா படிக்கட்டில் உட்கார்ந்து கைதட்டினாள். வெர்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் இரண்டே வாரத்தில், யாரிடமும் எதையும் சரிபார்க்காத வேறொரு மென்பொருளைத் தேடிப் பிடித்துப் போட்டாள். பெயரும் போஸ்டரும் மறுபடி வந்து அடுக்கிக்கொண்டன. இந்த முறை அவளே கேபிளைப் பிடுங்கினாள். படம் நிற்கவில்லை. அன்றைக்கு அவள் சுட்ட கொலாச்சி ரொட்டியில் பழக்கூழ் இரட்டிப்பாக இருந்தது என்று லைல் பின்னால் ஊரெல்லாம் சொன்னான்.

மே வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வேலைக்கு வந்த யாக்கோ, ஹெனி என்ற இரண்டு இளைஞர்களோடு டெக்சாஸுக்குக் கிளம்பினார்கள். யாக்கோ தன் ஊர் வழக்கப்படி வெர்னாவை 'டானி' என்றுதான் கூப்பிடுவான். நம்மூரில் அத்தை என்கிற மாதிரி.

முதல் வாரமே அவன் மாட்டிக்கொண்டான். மதியச் சாப்பாட்டில், "டானி, இங்க எப்ப மழை பெய்யும்?" என்று கேட்டுவிட்டான்.

"சொல்லிட்டான்!" என்று லைல் கத்தினான். "நாலு கண்ணாடி! துடை!"

அறுவடை நடக்கும்போது அந்தச் சொல்லை வாயிலிருந்து விட்டவர்கள் எல்லா வண்டியின் முன்கண்ணாடியையும் துடைக்க வேண்டும். அது அவர்கள் கூட்டத்தின் சட்டம். யாக்கோ வாளியைத் தூக்கிக்கொண்டு புலம்பினான். "எங்க ஊர்ல அது வந்தா ஆட்டமே போடுவோம் டானி. இங்க என்னடான்னா பேரு சொன்னாலே தண்டனை."

அந்த வருஷம் டெக்சாஸில் ஒரு சொட்டு விழவில்லை. ஓக்லஹோமாவிலும் விழவில்லை. லைலின் முகம் பூரித்துக் கிடந்தது. வெர்னாவோ வெந்துகொண்டிருந்தாள். மழை வந்தால்தானே மகளை ஜெயிக்க முடியும்? ஆட்ராவுக்கும் அதே தவிப்பு. மழை வந்தால்தானே பஸ் ஏற முடியும்? ஒரு காலையில் வெர்னா வண்டிவீட்டின் பின்பக்கம் போனபோது, ஆட்ரா ஏற்கெனவே அங்கே நின்று மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னடி பண்றே இங்க?"

"நீ என்ன பண்ணவந்தியோ அதத்தான்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவிடம் சொல்வதில்லை என்று ஒப்பந்தம் வேறு போட்டுக்கொண்டார்கள்.

மேற்குக் கான்சாஸில், போனில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டாத ஒரு வயலோரம் வண்டிவீடு நின்றிருந்தபோதுதான் அது வந்தது. பதினொரு மணிக்கு மேற்கே கருநீலமாக ஒரு சுவர் எழும்பியது. லைல் இரண்டு இயந்திரங்களையும் விரட்டினான். வெர்னா லாரியைக் கிடங்குக்கும் வயலுக்குமாகப் பறக்கவிட்டாள். கடைசிச் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கண்ணாடியில் முதல் துளி சொத்தென்று விழுந்தது. "வாடி என் தங்கமே!" என்று தனியாகக் கத்தினாள். வைப்பரைப் போடக்கூட மனம் வரவில்லை.

உள்ளே நுழைந்தபோது எல்லோரும் தயாராக இருந்தார்கள். லைல், யாக்கோ, ஹெனி மூவரும் மேஜையைச் சுற்றிப் போனோடு. ஆட்ரா மேல்படுக்கையில் டேப்லட்டோடு.

"மணி ஒன்னு இருபது" என்றாள் ஆட்ரா. "எனக்குப் பனிச்சறுக்குத் தொடர், மூணாவது டிஸ்க். ஆரம்பிம்மா."

வெர்னா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்துப் பச்சை விளக்கு மினுக்க வேண்டும். மினுக்கவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மறுபடியும் சிவப்பு மட்டும்.

"என்ன ஆச்சு?" என்றான் லைல். "காலையில நான் நல்லா ஊதி வெச்சேனே."

வெர்னா அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னத்த ஊதினே?"

"ஒரே தூசியா இருந்துச்சு வெர்னா. வயல்ல பனி காயற வரைக்கும் மெஷின் ஃபில்டரையெல்லாம் ஊதிட்டிருந்தேன். கம்ப்ரெசர் ஓடிட்டுத்தானே இருக்குன்னு உன் குட்டிக் கம்ப்யூட்டரையும் கழட்டி எடுத்து வாசப்படியில வெச்சு ரெண்டு ஊது ஊதினேன். பாரு, புதுசு மாதிரி இருக்கு."

"ரேடியேட்டர் ஊதுற காத்துலயா?"

"வேற காத்து ஏது நம்மகிட்ட?"

கோதுமை அறுக்கிறவனுக்குத் தூசி பட்ட எதையும் ஊதாமல் இருக்க முடியாது. தொப்பி, பூட்ஸ், சாப்பாட்டு டப்பா, எல்லாவற்றுக்கும் அதே குழாய்தான். அன்போடு செய்த காரியம் என்பதால் வெர்னாவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை. கணினியைத் திருப்பிப் பார்த்தாள். கார்டு இருக்க வேண்டிய இடுக்கு காலி. நகத்தளவு மூளை வாசலுக்கு வெளியே எங்கேயோ பறந்து போயிருந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்றாள்.

இயந்திரம் எவ்வளவு தானியத்தை விடுகிறது என்று பார்க்க, ஓரடிச் சதுரக் கம்பிச் சட்டம் ஒன்று வைத்திருப்பார்கள். அதை அரிதாள் மேல் போட்டு, உள்ளே கிடக்கும் மணிகளை முட்டிபோட்டு எண்ணுவார்கள். வெர்னா அந்தச் சட்டத்தை எடுத்து வாசற்படிக்குக் கீழே போட்டாள். ஒரு சதுரம் முடிந்ததும் அடுத்த சதுரம். கொட்டும் மழையில் நான்கு பெரியவர்கள் சேற்றைத் தடவினார்கள்.

அந்தக் கூட்டத்திலேயே கூர்மையான கண் ஆட்ராவுக்குத்தான். எட்டு வயதிலிருந்தே மணி எண்ணுகிறவள். அவள் வாசலில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"நான் தேட மாட்டேன்மா. அது எனக்கே நான் குழி வெட்டிக்கிற மாதிரி."

"சரிதான். நீ தேடவேண்டாம். நியாயம்" என்றாள் வெர்னா, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட.

"வெர்னா," லைல் முட்டிபோட்டபடியே கவலையோடு கூப்பிட்டான். "இந்தச் சதுரத்துல பதினாலு மணி கெடக்கு. மெஷின் இவ்வளவா விடுது?"

"கார்டைத் தேடுய்யா!"

முக்கால் மணி நேரம் தேடினார்கள். ஒரு போல்ட், ஒரு பொத்தான், லைல் போன வாரம் தொலைத்த பேனாக் கத்தி. கார்டு மட்டும் இல்லை. வெர்னா படியில் உட்கார்ந்தாள். ஈரத்தோடு ஈரமாக அழுதால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடமே துள்ளி எழுந்தாள்.

"யாக்கோ! உன் தொப்பியில ஒரு கேமரா மாட்டுவியே, அதுல என்ன கார்டு?"

யாக்கோ கழற்றிக் காட்டினான். அதே நகத்தளவு. "ஆனா இதுல எங்க ஊர் இருக்கு டானி. ஏர்போர்ட்டுல எங்கம்மா கையசைச்சது இருக்கு."

"உங்கம்மாவைப் பத்திரமா ஹார்ட் டிஸ்க்குக்கு ஏத்திட்டுத்தான் கார்டைத் தொடுவேன். ரெண்டு தடவை ஏத்தறேன். போதுமா?"

"போதும் டானி. முதல்ல நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்."

எல்லோருமே பார்த்தார்கள். குட்டையான ஒரு அம்மா, பச்சைக் கோட்டு, கை ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு வெர்னா வேலையைத் தொடங்கினாள். குளிர்காலத்தில் இறக்கி வைத்த மென்பொருள் பழைய லேப்டாப்பில் அப்படியே இருந்தது. கார்டை அழித்து, அதை ஏற்றி, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து அமைத்தாள். இரண்டு முறை தப்பு வந்தது. மூன்றாவது முறை, ஐந்தே கால் மணிக்கு, பச்சை விளக்கு மினுக்கியது.

"வந்துடுச்சு!" என்று யாக்கோ மேஜையில் குத்தினான். காபி கொட்டியது. யாரும் துடைக்கவில்லை. ஐந்து திரையிலும் ஒரே நேரத்தில் பட்டியல் விரிந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. இருநூற்றுப் பதினொன்று வரைக்கும் எண்கள். பெயர் இல்லை, போஸ்டர் இல்லை. அவையெல்லாம் தொலைந்த கார்டில் இருந்தன. புதிதாகத் தேடி எடுக்க இணையம் வேண்டும்.

"என்னோட பனிச்சறுக்கு எத்தனாவது நம்பர்?" என்று ஆட்ரா கேட்டாள்.

வெர்னாவுக்குத் தெரியவில்லை. டிஸ்க் பெட்டிகள் நெப்ராஸ்காவில் மாடியில் கிடந்தன.

"ஏதாவது ஒன்னை அமுக்கித்தான் பாரேன்" என்று சொன்ன லைல் எழுபத்து மூன்றைத் தொட்டான். பேசும் வாத்து ஒன்று வந்து பாட ஆரம்பித்தது. "ஐயோ" என்றான். ஆனால் நிறுத்தவில்லை.

"நான் நூத்தி நாலு!" என்றான் யாக்கோ. "குதிரை. இன்னொரு குதிரை. டானி, இந்த வீடியோ கடைக்காரருக்குக் குதிரைன்னா அவ்வளவு இஷ்டமா?"

ஹெனிக்குச் சமையல் போட்டி வந்தது. வெர்னாவுக்குப் பேய்ப் படம். ஆட்ரா பத்துப் பத்தாகத் தாவித் தன் தொடரைத் தேடினாள். தேடத் தேட மற்றவை வழியில் வந்தன. ஒரு பெண் விமானம் ஓட்டினாள். ஒரு நாய் ரயிலில் போனது. "முப்பத்தொன்னு விமானம்! யாரும் தொடாதீங்க, முடிவு சொல்லாதீங்க!" என்று மேலிருந்து கத்தினாள். பிறகு கிடங்கில் கொடுத்த எடைச் சீட்டுகளின் பின்பக்கம் எண்ணையும் படத்தையும் எழுத ஆரம்பித்தாள். யாருக்கு எது வந்தாலும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வேறு.

"அறுபத்தெட்டு, சண்டைப் படம்" என்றான் லைல், மகிழ்ச்சியோடு.

"எந்தச் சண்டை? யாரு யாரோட? பேரு வைக்கணும், சரியாச் சொல்லுங்கப்பா."

ஐந்து பேரும் ஐந்து படம் பார்த்தார்கள். யாரும் ஓட்டுப் போடவில்லை. வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. அந்தி மங்கி, சன்னலில் ஒருவர் முகம் ஒருவருக்கு நிழலாகத் தெரிந்தபோது ஆட்ரா டேப்லட்டை மடியில் கவிழ்த்தாள்.

"இருட்டிடுச்சும்மா. பனிச்சறுக்கு கிடைக்கலை."

"ஆமா."

"கேட்ட படம்னு பேச்சு."

"ஆமா. கேட்ட படம் வரலை. நான் தோத்துட்டேன்."

"இது அக்கிரமம்!" லைல் எழுந்துவிட்டான். "அது நான் ஊதினது. அவ மேல என்ன தப்பு?"

"பந்தயத்துல யாரு ஊதினாங்கன்னு ஒரு பேச்சும் இல்ல லைல். உக்காரு. வாத்து என்ன ஆச்சுன்னு பாரு." வெர்னாவின் குரல் நன்றாகத்தான் வந்தது. "நாளைக்கு கிடங்குக்குப் போறப்ப கூட வா ஆட்ரா. அங்க சிக்னல் வரும். எந்த பஸ்ஸுன்னு சித்திகிட்ட பேசிடு."

மறுநாள் காற்று நன்றாக அடித்தது. இரண்டு மணிக்கு வயல் காய்ந்து இயந்திரம் இறங்கியது. நான்கு மணிக்கு வெர்னா முதல் சுமையோடு கிளம்பினாள். ஆட்ரா பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வெர்னா ஒருமுறை அவள் பக்கம் திரும்பினாள். ஆட்ரா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இருக்கை காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டாம் என்றுதான் வெர்னா நினைத்தாள். அதையே நினைத்தாள்.

கிடங்கில் லாரிகள் வரிசையில் நின்றன. ஆட்ரா இறங்கி லாரியின் நிழலில் நின்று போன் போட்டாள். கண்ணாடி இறக்கியிருந்தது. வெர்னா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி? நான்தான். ஜெயிச்சுட்டேன்... ஆமா, அம்மாவே ஒத்துக்கிட்டாங்க... பஸ்ஸா? இல்ல, இந்த வாரம் வரலை."

வெர்னா கண்ணாடிப் பக்கம் சாய்ந்தாள்.

"இன்னும் நூத்தி இருபது படத்துக்குப் பேர் வைக்கணும். இவங்ககிட்ட விட்டா எல்லாத்துக்கும் குதிரைன்னு எழுதிடுவாங்க... இல்ல சித்தி, யாரும் பிடிச்சு வைக்கலை. ஜெயிச்சது நான்தானே? எப்ப வர்றதுன்னு நான்தானே சொல்லணும்... தெரியலை. ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள ஒரு வாரம் வரேன்... அடுத்த மழை எப்ப வருதோ, அதைப் பொறுத்து."

அவள் அந்தச் சொல்லைச் சத்தமாகவே சொன்னாள். வரிசையில் நின்ற இரண்டு லாரிக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள்.

ஆட்ரா ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். அம்மாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னம்மா அப்படிப் பார்க்கிறே? வண்டிய எடு. பின்னாடி ஆள் கத்துறாரு."